உள்ளே திட்டுகிறவர்

அன்புள்ள ஐயா,

பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அப்பாவின் விசைப்படகு இலங்கையில் பிடிபட்டதிலிருந்து குடும்பம் கடனில் கிடக்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டாமென்று நான் எவ்வளவோ சொன்னேன். இப்போது அதை நினைப்பதே பாவமாகத் தோன்றுகிறது. சென்னை வேலையை விட்டு ஊருக்குப் போ என்று ஒரு மனம் சொல்கிறது, போனால் நீயும் அழிவாய் என்கிறது இன்னொரு மனம். மனச்சோர்வுக்கு ஆலோசகரிடம் போனேன். இரண்டு நாற்காலிகளைப் போட்டு மாறி மாறி அமர்ந்து பேசச் சொன்னார். நாடகம்போல் கூச்சமாக இருந்தது; நிறுத்திவிட்டேன், மாத்திரையையும். அம்மா ஏர்வாடிக்கு அழைக்கிறார். எந்த மனம் சொல்வதைக் கேட்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மாவோடு தர்காவுக்குப் போய் வாருங்கள், அது சிகிச்சைக்கு மாற்று ஆகாது. அதே ஏர்வாடியில் 2001-இல் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நம் கரை மறந்துவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது, 'பாவமாகத் தோன்றுகிறது' என்ற சொற்கள்தான். அப்பாவின் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது. நொந்துபோயிருக்கும் மனிதரிடம் அதைக் காட்ட முடியாததால் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். மனச்சோர்வில் இருப்பவர் தன்மேல் சுமத்தும் குற்றச்சாட்டுகளைப் பொறுமையாகக் கேட்டால், அவற்றில் பல அவர் நேசிக்கும் வேறொருவருக்கே பொருந்தும் என்று ஃபிராய்டு 1917-இல் எழுதினார். எல்லா மனச்சோர்வுக்கும் இதுவே காரணமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் சின்னம்மாவிடம் இதைக் கண்ணால் பார்த்தேன். கடலுக்குப் போன சித்தப்பா திரும்பவில்லை. 'நான் தடுத்திருக்கணும்' என்று தன்னையே சபித்துக்கொண்டு பல வருடங்கள் முடங்கிக் கிடந்தவர், ஒருநாள் அரிவாள்மனையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கையில் செதில் ஒட்டியிருக்க, 'புயல் கூண்டு ஏத்தினது தெரிஞ்சும் போனியளே' என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். அதன் பிறகுதான் அவரால் அழ முடிந்தது.

நீங்கள் நாடகமென்று உதறிய நாற்காலிகள் அதற்குத்தான். உளவியல் சிகிச்சையாளர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் பயன்படுத்திய அந்த முறையை, உளவியலாளர் லெஸ்லி கிரீன்பெர்க்கும் அவரோடு பணியாற்றியவர்களும் மனச்சோர்வுச் சிகிச்சைக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தி, ஆய்வுகளில் சோதித்தும் பார்த்தார்கள். ஒரு நாற்காலியில் அமர்ந்து உங்களை நீங்களே திட்டுகிறீர்கள். மறு நாற்காலிக்கு மாறி, அந்தத் திட்டு எங்கே வலிக்கிறது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று பதில் சொல்கிறீர்கள். அந்தப் பதிலைக் கேட்கக் கேட்க, திட்டுகிறவர் தணிந்து, தான் எதற்குப் பயந்து திட்டினேன் என்பதைச் சொல்லத் தொடங்குவார். ஒருவர் மற்றவரை வாயடைப்பதற்கான பஞ்சாயத்து அல்ல இது. எந்த மனத்தைக் கேட்பது என்று நீங்கள் தீர்ப்புக் கேட்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கூச்சமாக இருந்தால் கூச்சமாக இருக்கிறதென்றே ஆலோசகரிடம் சொல்லிவிட்டு அமருங்கள், எதிர் நாற்காலியில் அப்பாவை வைத்தும் பேசலாமா என்று கேளுங்கள். செத்துவிடலாமென்ற எண்ணம் எந்த நேரத்தில் வந்தாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். ஊருக்குத் திரும்புவதா என்பதை அப்பாவிடம் பேசிய பிறகு எழுதுங்கள்.