ஜூன் மூன்றாம் வாரம் சென்னையில்: கடல் காற்று எத்தனை மணிக்கு வரும்?

வாரம் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் புதன் வரை மேற்குக் காற்று பலமாக இருக்கும். 39, 40 டிகிரி வரை போகலாம், மழைக்கு வாய்ப்பு குறைவு. வியாழன் முதல் அந்தக் காற்று தளரும். பகல் வெயில் கொஞ்சம் இறங்கும், சாயங்காலத்துக்கு மேல் சில பகுதிகளில் இடி மழை இருக்கும். இனி உங்கள் கேள்விகள்.

மாம்பலத்திலிருந்து: கத்திரி முடிஞ்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. இன்னும் ஏன் சார் இப்படிக் கொளுத்துது?

கத்திரி மே 28, 29 வாக்கில் பஞ்சாங்கத்தில்தான் முடிகிறது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி போன பிறகு.

இப்போது வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே ஈரத்தைக் கேரளத்திலும் நீலகிரியிலும் இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கி, காய்ந்த தரையெல்லாம் கடந்து நம்மிடம் வரும்போது வெறும் அனல்தான் மிச்சம். நமக்குக் காவல் கடல் காற்று ஒன்றே. மேற்குக் காற்று லேசாக இருந்தால் அது பதினொன்று, பன்னிரண்டு மணிக்கே உள்ளே வந்துவிடும். வெயில் 36, 37-ல் நின்றுவிடும். மேற்கு பலமாக இருந்தால் இரண்டு, மூன்று மணி வரை கரையிலேயே தடுத்து வைத்துவிடும். அதற்குள் 40-ஐத் தொட்டிருப்போம். அதனால் நாளை எத்தனை டிகிரி என்று கேட்பதைவிட, காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேளுங்கள். வால்பாறையில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற செய்தி வந்தால், பெரும்பாலும் நமக்கு அன்று கொளுத்தும் வெயில்தான்.

பெசன்ட் நகர்: 40 டிகிரி அன்னிக்குக்கூட தாங்குது. 36-ல உடம்பெல்லாம் கசகசன்னு உயிர் போகுதே?

உங்கள் உடம்பு சொல்வது சரி. மேற்குக் காற்றில் ஈரம் குறைவு, வியர்வை உடனே காயும். கடல் காற்று வெப்பத்தைக் குறைத்தாலும் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கிறது. ஆனால் 40-ஐத் தாங்கிவிட்டோம் என்று வெளியே அலைய வேண்டாம். வியர்ப்பதே தெரியாமல் உடம்பு நீரை இழக்கும் நாட்கள் அவை. வீட்டில் மேற்கு ஜன்னலை மதியம் வரை மூடி வையுங்கள். காற்று திரும்பியதும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிடலாம்.

அம்பத்தூர்: ஃபோன்ல தினமும் மழைப் படம் காட்டுது, 60 சதவீதம்னு போடுது. ஒரு சொட்டு இல்லை. நம்பலாமா?

அந்தப் படத்தை நான் பார்ப்பதே இல்லை. ஜூன் மாத மழை மேகம் சின்னது. அம்பத்தூரில் தெரு நிறைய தண்ணீர் ஓடும்போது அடையாற்றில் தூசி பறக்கும். எந்தப் பேட்டையில் பெய்யும் என்பதை முந்தைய நாளே எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது.

அதற்குப் பதில் வியாழனிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படத்தைத் திறங்கள். சித்தூர், ராணிப்பேட்டை, அரக்கோணம் பக்கம் சிவப்புத் திட்டு முளைத்திருக்கிறதா, கிழக்கே நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அம்பத்தூர், ஆவடியை எட்டலாம். வழியிலேயே அடங்கிப்போவதும் உண்டு. மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பும் அங்கேயே வரும். வாரப் படத்தைவிட அது நம்பகமானது.

நொச்சிக்குப்பம்: வீட்டுக்காரர் ஃபைபர் போட்டுல விடியக்காலைல போறாரு. இந்த வாரம் போகலாமாண்ணா?

திங்கள் முதல் புதன் வரை இடிக்குப் பெரிதாகப் பயமில்லை, மேற்குக் காற்றின் வேகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வியாழன் முதல் கவனம் வேண்டும், தங்கச்சி. தரையில் பெய்து முடித்த இடி மேகம் இரவில் கடலுக்குத்தான் போகிறது. மழைக்கு முன்னால் சட்டென்று ஒரு காற்று அடிக்கும் பாருங்கள், சின்னப் படகுக்கு ஆபத்து அதுதான். ஒரு மணி நேரமே நீடிக்கும் இந்தக் காற்று, மீனவர்களுக்கான அன்றாட எச்சரிக்கையில் எப்போதும் இருக்காது. கிளம்பும் முன் மேற்கே மின்னல் தெரிந்தால் அது அடங்கும்வரை கரையிலேயே இருக்கட்டும். மீன்வளத் துறை எச்சரிக்கை வந்தால் பேச்சே இல்லை, போகக் கூடாது.

போரூர்: மாடித் தளம் கான்கிரீட் போடணும். எந்த நாள்?

செவ்வாய் அல்லது புதன், காலை ஆறு மணிக்கே ஆரம்பித்து வெயில் ஏறும் முன் முடியுங்கள். மழை வராது என்றாலும் வறண்ட காற்று மேல்பரப்பை வேகமாக உலர்த்தி வெடிப்பு விடவைக்கும். ஈரச் சாக்கு தயாராக இருக்கட்டும். இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். மேஸ்திரி வெள்ளிக்கிழமைதான் வருவேன் என்றால், தார்ப்பாய் இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ராயபுரம்: நேத்து ராத்திரி பெஞ்ச மழையை இன்னிக்குக் கணக்குல காட்டுறாங்களே?

மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அவ்வளவுதான்.

கொளத்தூர்: இந்த மழைல புழல் ஏரி ரொம்புமா?

நிரம்பாது. நம் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ., அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கிடைப்பது. இப்போது பெய்வதைத் தரையே குடித்துவிடும். செடிக்கு நல்லது, நிலத்தடி நீருக்குக் கொஞ்சம் உதவும்.

நங்கநல்லூர்: ஞாயித்துக்கிழமை மொட்டை மாடில பெண்ணோட ரிசப்ஷன், 200 பேர். ஷாமியானா போட்டா போதுமா?

போதாது, அம்மா. மழையைவிட முதலில் வரும் காற்றுதான் துணியைப் பிய்த்து எறியும். மேடையும் அலங்காரமும் மாடியில் இருக்கட்டும், பந்தியைக் கீழே ஹாலுக்கு மாற்றுங்கள். மாடியில் ஓடும் மின் ஒயர்களை எலக்ட்ரீஷியனிடம் சொல்லித் தரையிலிருந்து தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். ஆறு மணிக்கு ரேடார் பார்க்க வீட்டில் ஒரு பையனை நியமித்துவிடுங்கள். திருவள்ளூர் வரை மேகம் வந்துவிட்டது என்று அவன் சொன்னால், விருந்தினரை அப்போதே கீழே இறக்கிவிடுங்கள்.