நிலத்தடி நீரைப் படிக்க நினைக்கும் மகளை எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது?

அம்மா,

உங்கள் மகள் நிலத்தடி நீர், மண் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று பிடிவாதமாக இருப்பதாகச் சொன்னீர்கள். "இதற்குத் தனிப் படிப்பு இருக்கிறதா, வேலை கிடைக்குமா, பெண்பிள்ளை வெயிலில் அலைய வேண்டியிருக்குமா" என்று மூன்று கேள்விகள் கேட்டீர்கள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்தத் துறை அவளுக்கு ஒத்துவருமா என்பது அதில்தான் தெரியும்.

ஆமாம், அலைய வேண்டியிருக்கும். ஆழ்துளைக் கிணற்றில் மாதிரி எடுப்பதையே பாருங்கள். போனதும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு திரும்பிவிட முடியாது. குழாய்க்குள் பல நாள் தேங்கிக் கிடந்த நீரும், பாறை இடுக்கில் இருக்கும் நீரும் ஒன்றல்ல. பம்பை ஓடவிட்டு, வெப்பநிலை, பி.எச். (அமிலத்தன்மையின் அளவு), மின்கடத்துத்திறன் (நீரில் கரைந்த உப்பைக் காட்டுவது) மூன்றையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே நிற்க வேண்டும். எண்கள் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் மாதிரி. உலோகங்களைப் பார்க்க வேண்டிய பாட்டிலில், வடிகட்டிய நீருடன் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் கரைந்திருந்த இரும்பு காற்றுபட்டுத் துருவாகப் படிந்து, ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். அப்புறம் ஆய்வகத்தில் "ஆர்சனிக் குறைவு" என்று தவறான விடை வரும். நைட்ரேட் பார்க்கும் பாட்டிலிலோ அதே அமிலம் ஒரு துளிகூட விழக்கூடாது, அந்த அமிலத்திலேயே நைட்ரேட் இருக்கிறது. அதை ஐஸ் பெட்டியில் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்த கிணற்றிலும் இதே வேலை, அதற்கடுத்ததிலும் இதேதான். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறை வேண்டாம் என்றே சொல்லுவேன், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் சரி. ஆனால் வருடம் முழுக்க வெயில் இல்லை. களத்தில் ஒரு வாரம் என்றால், ஆய்வகத்திலும் கணினி முன்னும் பல வாரங்கள். களத்துக்கும் யாரையும் தனியாக அனுப்பக்கூடாது, குழுவாகப் போவதே முறை. சேரும் இடத்தில் இதை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

இனி படிப்பு. இளநிலையிலேயே இதற்கென்று தனிப் பட்டம் தேடி அலையாதீர்கள். துறைக்கு அடித்தளம் போட்டவர்களே வேறு வாசல் வழியாக வந்தவர்கள். பிரான்சின் டிஷோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த ஹென்றி டார்சி ஒரு பொறியாளர். மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து, அவர் 1856இல் வெளியிட்ட விதிதான் இன்றும் நிலத்தடி நீரோட்டக் கணக்கின் முதல் வரி. ரஷ்யாவின் கரிசல் மண்ணைப் பற்றி 1883இல் எழுதி, மண்ணைத் தனி அறிவியலாக்கிய டொக்குசாயெவ் பாறைகளைப் படித்த ஒரு நிலவியலாளர் (ஜியாலஜிஸ்ட்).

ஒரே ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு இங்கே எதுவும் செய்ய முடியாது என்பதற்கு வங்கதேசத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காப்பாற்ற, 1970களிலிருந்து அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். 1993இல் அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது உறுதியானது. ஆலைக் கழிவு எதுவும் காரணமில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆர்சனிக் அது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் அந்தத் துருவைக் கரைக்க, அது நீருக்கு வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அங்கே ஒரு கிணற்றில் அதைவிடப் பல மடங்கு இருக்கும், பக்கத்துக் கிணற்றில் நல்ல நீர் இருக்கும். மண்ணடுக்கு, வேதியியல், நுண்ணுயிரி, ஆற்றின் பழைய தடம் எல்லாம் தெரிந்தால்தான் ஏன் என்று சொல்ல முடியும்.

அதனால் என் யோசனை: நிலவியல் (ஜியாலஜி), சிவில் பொறியியல், வேளாண்மை, வேதியியல் இவற்றில் அவளுக்கு எது பிடிக்கிறதோ அதில் ஆழமான இளநிலை. பிறகு முதுநிலையில் நீரியல் அல்லது மண் அறிவியல். "சுற்றுச்சூழல்" என்று பெயர் போட்ட எல்லாப் படிப்பும் ஒன்றல்ல. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கணிதம், புள்ளியியல், வேதியியல் ஆய்வகம், களப்பயிற்சி இந்த நான்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கணிதம் வராது என்பதற்காக இந்தப் பக்கம் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. நீரோட்டத்தைக் கணினியில் உருவகப்படுத்தும் மோட்ஃப்ளோ போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது முழுக்கக் கணக்கு.

வேலையைப் பொறுத்தவரை, ஆராய்ச்சியாளராக நிலையான இடம் கிடைக்க முனைவர் பட்டமும் அதற்கு மேல் சில வருடங்களும் ஆகும். இடங்களும் குறைவு. ஆனால் முதுநிலை முடித்தவர்களுக்குக் குடிநீர் வாரியம், சுரங்கம், மாசுபட்ட நிலத்தைச் சீரமைக்கும் நிறுவனம், நீர் ஆய்வகம், பாசனத் திட்டம் என்று வழிகள் உண்டு. முனைவர் பட்டத்தை இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

சேர்க்கைக்கு முன் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் துணையோடு, கைப்பிடிச் சுவருள்ள ஒரு கிணற்றில் வாரம் ஒருமுறை நீர்மட்டம் அளக்கட்டும். எஃகு அளவு நாடாவின் கீழ் ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தடவி, நுனி நீருக்குள் போகும்வரை இறக்க வேண்டும். சுவரின் மேல் விளிம்பில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நாடாவைப் பிடித்து, அங்கே நாடா காட்டும் எண்ணைக் குறிக்க வேண்டும். மேலே இழுத்ததும் சாக்பீஸ் நனைந்து நிறம் மாறிய கோடு தெரியும். முதல் எண்ணிலிருந்து அந்தக் கோட்டில் உள்ள எண்ணைக் கழித்தால், சுவரின் விளிம்பிலிருந்து நீர்மட்டத்தின் ஆழம். பக்கத்திலேயே மழை அளவையும் எழுதட்டும்.

மூன்று மாதம் கழித்து அதை வரைபடமாகப் போட்டு எடுத்துக்கொண்டு வரட்டும். மழை பெய்து எத்தனை நாள் கழித்து நீர் ஏறியது, ஏன் அத்தனை நாள் என்று அவளாகக் கேட்டுக்கொண்டு வந்தால், எந்தக் கல்லூரி என்று அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடலாம்.