தேதி மாறிய இசை நிகழ்ச்சி: டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: சென்னையில் நடக்கவிருந்த திரையிசை நிகழ்ச்சி ஒன்றுக்குத் தலா 3,000 ரூபாயில் 4 டிக்கெட்டுகளை இணையத்தில் வாங்கினேன். மழையைக் காரணம் காட்டி அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். புதிய தேதியில் எங்கள் வீட்டில் திருமணம். "அதே டிக்கெட் செல்லும், பணம் தர இயலாது" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகக் கேட்கலாம், எழுத்தில் கேளுங்கள், இன்றே கேளுங்கள். நீங்கள் காசு கொடுத்தது ஒரு குறிப்பிட்ட நாளின் நிகழ்ச்சிக்கு. வேறொரு நாள் வசதிப்படுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

பணத்தைத் திருப்பித் தர ஏற்பாட்டாளர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். கலைஞருக்கு முன்பணம், திடல் வாடகை, மேடை, ஒலி, ஒளி என்று பெரும்பகுதிச் செலவு முதல் பாட்டு ஒலிக்கும் முன்பே ஆகிவிடுகிறது. பல நேரங்களில் டிக்கெட் விற்ற பணம்தான் அதற்குக் கைகொடுக்கிறது. ரசிகர்கள் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள் என்றே சொல்வேன். நிகழ்ச்சி தடைபட்டால் இழப்பை ஈடுகட்டக் காப்பீடு உண்டு. அதற்குப் பிரீமியம் கட்டுவது தொழில் நடத்துபவரின் பொறுப்பு. லாபத்தில் பங்கு தராதவர்கள் நட்டத்தை மட்டும் ரசிகர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது.

"விதிமுறைகளில் எழுதியிருக்கிறதே" என்பார்கள். மனம் தளர வேண்டாம். நுகர்வோருக்குப் பெரிதும் பாதகமான ஒருதலைப்பட்ச ஒப்பந்தங்களை நியாயமற்றவை என்று கேள்வி கேட்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி தருகிறது. நிகழ்ச்சி அடியோடு ரத்தாகியிருந்தால் உங்கள் வாதம் இன்னும் வலுவாக இருந்திருக்கும். தள்ளிவைப்பில் எதிர்த்தரப்பு வாதாடக் கொஞ்சம் இடமுண்டு. அதனால்தான் புதிய தேதிக்கு முன்பே, வர இயலாது என்பதை மின்னஞ்சலில் பதிவு செய்வது முக்கியம்.

டிக்கெட் நகல், பணம் செலுத்திய ரசீது, பழைய தேதியுள்ள விளம்பரம், தள்ளிவைத்த அறிவிப்பு எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சியும் மழையால் ஒருமுறை தள்ளிப்போனதுதான். அன்று டிக்கெட் இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் பலர் திரும்பினார்கள். டிக்கெட் நகலையும் குறைகளையும் அனுப்பும்படி ரகுமானே சமூக ஊடகத்தில் கேட்டுக்கொண்டார். நகல் வைத்திருந்தவர்களுக்கு அப்போது அது உதவியது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையான தொகைக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

கேள்வி: 750 ரூபாய் என்று விளம்பரம் செய்த நாடக டிக்கெட், பணம் கட்டும்போது 970 ரூபாயைத் தாண்டுகிறது. இது சரியா?

பதில்: வரி சரி. இசை, நாடக நிகழ்ச்சிகளில் 500 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம். 500 ரூபாய் டிக்கெட் 500-தான். 501 ரூபாய் டிக்கெட் 591 ஆகிவிடும். உங்கள் 750 ரூபாய்க்கு வரி 135, ஆக 885. மிச்சம் இணையதளத்தின் முன்பதிவுக் கட்டணமும் அதற்கான வரியும்.

அந்தக் கட்டணத்தைக் கடைசித் திரை வரை மறைத்து வைத்தால் அது தவறு. விலையைத் துண்டு துண்டாக வெளியிடுவதை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. திரைப் பிடிப்புகளோடு 1915-இல் புகார் செய்யுங்கள். அரங்கு வாசலில் டிக்கெட் விற்கிறார்களா என்று நாடகக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள். விற்றால் முன்பதிவுக் கட்டணம் மிச்சம்.