ஏழை விவசாயக் குடும்பத்துக்குப் பணத்தையே கையில் கொடுத்தால், குடித்தே அழித்துவிட மாட்டார்களா?

மாட்டார்கள். மேற்குக் கென்யாவில் 'கிவ்டைரக்ட்லி' என்ற தொண்டு அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை மூலம் நேரடியாகப் பணம் அனுப்பியது. ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது சாப்பாட்டுச் செலவுதான் கூடியிருந்தது. மது, புகையிலைச் செலவு கூடவில்லை.

பலர் முதலில் மாற்றியது கூரையை. புல் கூரை ஒழுகும், அடிக்கடி புதிதாக வேயவேண்டும். தகரம் போட்டால் அந்தச் செலவு மிச்சம். விளிம்பில் வழியும் மழைநீரையும் பிடித்து வைக்கலாம். அடுத்து ஆடு, மாடு.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அதே மேற்குக் கென்யாவின் சியாயா பகுதியில் 10,500 குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் போனது. பணம் வாங்காத பக்கத்து வீடுகளிலும் செலவு கூடியது. ஒரு டாலர் கொடுத்தால் உள்ளூரில் சுமார் இரண்டரை டாலர் புழங்கியது. விலைவாசியோ ஏறவில்லை என்றே சொல்லலாம்.