பெஞ்சுக்கு அடியில் கிடந்த ஓவியத்தை எடுத்தது தப்பா?

பூங்கா பெஞ்சுக்கு அடியில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த குட்டி ஓவியத்தை எடுத்து வந்துவிட்டேன், திருட்டாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே "கண்டெடுத்தவருக்கே" என்று சீட்டு இருந்ததையும் நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் என்ன பயம்? அது உங்களுக்குத்தான்.

இங்கிலாந்தில் 'மை டாக் சைஸ்' என்ற பெயரில் இயங்கும் தெரு ஓவியர் பிரபலப்படுத்திய 'ஃப்ரீ ஆர்ட் ஃப்ரைடே' வகைதான் இதுவும்: வெள்ளிக்கிழமைகளில் ஓவியங்களைப் பொது இடத்தில் இலவசமாக விட்டுச் செல்லும் பழக்கம். நசுங்கிய தகர டப்பாவில் ஒரு முகத்தை வரைந்து, தெருவில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சீட்டு இல்லாமல் கிடந்தால் மட்டும் நான் தொடமாட்டேன். யாரோ மறந்துவிட்டுப் போனதாக இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தால் எனக்குக் கவலை வேறு. கவருக்குள் ஈரம் கோத்து, மூலையில் வண்ணம் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருக்கிறது. வெடுக்கென்று உருவாதீர்கள். அக்ரிலிக் (காய்ந்ததும் பிளாஸ்டிக் படலம்போல ஆகும் வண்ணம்) ஆக இருந்தால் தோலாக உரிந்து வந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஒரு பறவையின் தலை போனது. கவரின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, நிழலில் ஒரு நாள் காற்றாட வையுங்கள். வெயில் வேண்டாம், சூட்டில் அக்ரிலிக் இன்னும் இளகும். பிறகு ஓரத்திலிருந்து மெல்ல விலக்குங்கள்.

சீட்டில் ஹேஷ்டேக் இருந்தால் ஒரு போட்டோ போட்டுவிடுங்கள். வைத்தவருக்குக் கிடைக்கும் கூலி அவ்வளவுதான். அதே ஹேஷ்டேக்கைத் தொடர்ந்து பார்த்தால் அடுத்தது எங்கே என்ற துப்பும் கிடைக்கலாம்: அங்கே வரும் போட்டோவின் பின்னணியில் தெரியும் கம்பி, தரை ஓடு, மரப்பட்டை எல்லாவற்றையும் உற்றுப் பாருங்கள்.