'க்வைட் குட்' என்றால் பாராட்டா?

கேள்வி: என் அறிக்கையைப் படித்த மேலதிகாரி 'க்வைட் குட்' (quite good) என்று மட்டும் மின்னஞ்சல் அனுப்பினார். அகராதியில் 'க்வைட்' என்பதற்கு 'முற்றிலும்' என்றும் இருக்கிறது, 'ஓரளவு' என்றும் இருக்கிறது. நான் எதை எடுத்துக்கொள்வது?

பதில்: மேலதிகாரி அமெரிக்க ஆங்கிலம் பேசுபவர் என்றால் சந்தோஷப்படுங்கள். அவர்களுக்கு அது கிட்டத்தட்ட 'வெரி குட்'. பிரிட்டிஷ் ஆங்கிலம் என்றால், 'பரவாயில்லை' என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லியிருந்தால் குரலே காட்டிக் கொடுத்திருக்கும். நாம் 'நல்லாத்தான் இருக்கு' என்று 'தான்' மேல் அழுத்தி இழுத்தால், பின்னால் ஓர் 'ஆனால்' வருகிறது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும், இல்லையா? பிரிட்டிஷ்காரர் 'க்வைட்' மேல் அழுத்தம் கொடுத்தாலும் அதே கதைதான். 'குட்' மேல் அழுத்தினால் உண்மையிலேயே பிடித்திருக்கிறது.

'முற்றிலும்' என்ற பொருள் எப்போது வரும்? கூடக் குறைய இருக்க முடியாத சொற்களோடு வரும்போது. 'க்வைட் இம்பாசிபிள்' என்றால் அறவே முடியாது. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லுக்கு முன் 'வெரி' போட்டுப் பாருங்கள். 'வெரி இம்பாசிபிள்' காதில் உறுத்துகிறதா? அப்படியானால் முழுப் பொருள். 'டிஃபரன்ட்' இந்தச் சோதனைக்கு அடங்காது: 'வெரி டிஃபரன்ட்' என்றும் சொல்லலாம், ஆனாலும் 'க்வைட் டிஃபரன்ட்' பெரும்பாலும் 'முழுக்க வேறு' என்றே பொருள்படும்.

மூத்த பொருளும் இந்த 'முற்றிலும்'தான்; 'ஓரளவு' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்புறம், பலர் சறுக்கும் இடம் 'க்வைட் எ ஃபியூ'. 'ஃபியூ'வைப் பார்த்துக் 'கொஞ்சம்' என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது 'கணிசமான பேர்', 'நிறைய' என்று பொருள் தரும். 'நாட் க்வைட் ரெடி' என்றால் முடியும் தறுவாயில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பாக்கி. எழுதும்போது 'எ'வின் இடத்தையும் கவனியுங்கள்: 'க்வைட் எ குட் ஐடியா' என்பதே வழக்கம்.

நீங்கள் யாரையாவது பாராட்டி எழுதுவதாக இருந்தால் 'வெரி குட்' என்றே போட்டுவிடுங்கள். 'க்வைட்' (quite) எழுதியே ஆக வேண்டுமானால் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளை ஒருமுறை சரிபாருங்கள். அவை இடம் மாறினால் 'அமைதி' என்ற பொருளுள்ள 'க்வயட்' (quiet) ஆகிவிடும். அதுவும் சரியான சொல்தான் என்பதால், கணினியின் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது.