ஜூனில் ஐஸ்லாந்தா? துருவ ஒளியை முதலில் பட்டியலில் இருந்து அடியுங்கள்

கேள்வி: ஜூன் இரண்டாம் வாரம் ஐஸ்லாந்து போகிறோம், நாலு பேர், வந்துபோகும் நாட்களையும் சேர்த்து ஆறு நாள். தீவு முழுக்கச் சுற்றிக்காட்டுவதாகவும், துருவ ஒளி (ராத்திரி வானில் அலையும் வண்ண ஒளி, அரோரா) உத்தரவாதம் என்றும், ப்ளூ லகூன் வெந்நீர்க் குளமும் உண்டு என்றும் ஏஜென்ட் சொல்கிறார். அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. இந்தத் திட்டம் சரிதானா? எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

பதில்: சரியில்லை. துருவ ஒளி தெரிய வானம் இருட்ட வேண்டும். ஜூன் நடுவில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவை ஒட்டித்தான் மறையும், மூன்று மணிக்கெல்லாம் திரும்ப எழுந்துவிடும், நடுவிலும் இருட்டே கிடையாது. குளிர்கால டூர்களில் இந்த 'உத்தரவாதம்' என்பதே, ஒளி தெரியாவிட்டால் இன்னொரு ராத்திரி பஸ்ஸில் இலவசமாக ஏற்றிக்கொண்டு போவார்கள் என்பதுதான், ஒளியைக் காட்டுவோம் என்பதல்ல. இதை ஜூனில் விற்கிறவர் ஒன்று ஐஸ்லாந்து போகாதவர், இல்லை நீங்கள் போனதில்லை என்று தெரிந்துகொண்டவர். ஒளிதான் வேண்டும் என்றால் செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் போங்கள், ஐஸ்லாந்து வானிலைத் துறையின் தளத்தில் மேகப் படம் இருக்கிறது, அதற்குக் காசு கிடையாது.

அடுத்தது தீவு முழுக்கச் சுற்றுவது. சுற்றுச்சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல், தார் ரோட்டிலேயே வேக வரம்பு 90. வரும் நாளும் கிளம்பும் நாளும் விமான நிலையத்துக்கே போய்விடும், மிச்சம் நாலு நாள். முட்டி வலிக்காரரை தினமும் ஆறு மணி நேரம் காரில் மடக்கி உட்காரவைத்துவிட்டு, பார்த்ததெல்லாம் கண்ணாடி வழியாகத்தான் என்று திரும்பாதீர்கள். தெற்கு மட்டும் போதும்.

ஒரு நாள் கோல்டன் சர்க்கிள் என்ற சுற்றுலாப் பாதை. 930-ல் நாடாளுமன்றம் கூடிய திங்வெட்லிர், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெந்நீரைப் பீய்ச்சியடிக்கும் ஸ்ட்ரொக்கூர், குல்ஃபாஸ் அருவி. ஸ்ட்ரொக்கூர் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சமதளம், அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. மற்ற மூன்று நாளும் தென்கரை, ராத்திரி தங்கல் வீக் என்ற ஊர்ப் பக்கம். ஸ்கோகாஃபாஸ் அருவி 60 மீட்டர் உயரம், அதன் காலடி வரை சமமாக நடந்து போகலாம், பக்கத்தில் மேலே ஏறும் படிக்கட்டை மட்டும் அம்மா தொட வேண்டாம். செல்யாலண்ட்ஸ்ஃபாஸில் அருவிக்குப் பின்னால் போகும் வழி ஈரம், வழுக்கும், இளசுகள் போய் வரட்டும். பனிக்கட்டிகள் மிதக்கும் யோக்குல்சார்லோன் ஏரியைக் கரையில் நின்று பார்த்தாலே போதும், படகுக்கு என்று தனியாகக் காசு பிடுங்கினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீக் பக்கத்து டிர்ஹோலேயில் ஜூனில் பஃபின் பறவைகளைப் பார்க்கலாம், கூடு கட்டும் நாட்களில் சில பகுதிகளை மூடிவைப்பார்கள்.

ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் ஒரே விதி: கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். அமைதியாக இருக்கிற மாதிரி இருந்துவிட்டு ஒரு அலை மட்டும் திடீரென்று மேலே ஏறி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும், போட்டோ எடுக்க நின்றவர்கள் செத்திருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு சிவப்பில் இருந்தால் கீழே இறங்கவே வேண்டாம்.

கார் எடுத்தால் ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்லமாட்டார்கள். கவுன்டரில் 'எல்லாமே கவர்' என்று சொல்லி விலை உயர்ந்த இன்ஷூரன்ஸை ஏற்றிவிடுவார்கள். கல் பட்டாலும் மணல் கீறினாலும் அவர்கள் பொறுப்பு, ஆனால் காற்றில் கதவு பிய்த்துக்கொண்டால் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. அங்கே காற்று கதவைத் திறந்த மாத்திரத்தில் பிடுங்கிப் பின்னால் மடக்கிவிடும், கீல் வளைந்துவிடும், பில் வரும்போது கண் கலங்கும். அதனால் காரின் மூக்கு காற்றைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவு, இரண்டு கையாலும் பிடித்துத்தான் திறக்க வேண்டும். பின் சீட்டில் இருக்கும் அம்மா தானாகத் திறக்க வேண்டாம், யாராவது வெளியே இறங்கிப் போய்த் திறந்துவிடுங்கள். கேட்க அற்பமாக இருக்கும், ஆனாலும் காற்றில் கதவு சேதமானால் யார் பொறுப்பு என்ற வரியை ஒப்பந்தத்தில் தேடிப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ப்ளூ லகூன் இயற்கை ஊற்று கிடையாது, ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையத்தில் இருந்து வெளியேறும் நீர். 2023 கடைசியில் இருந்து பக்கத்தில் எரிமலை வெடிக்கும்போதெல்லாம் மூடித் திறக்கிறார்கள், பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். ஆசைக்கு ஒருநாள் நகராட்சி நீச்சல்குளத்துக்குப் போங்கள், அங்கேயும் வெந்நீர்தான், சொற்பக் காசு, அம்மாவின் முட்டிக்கும் இதம். ஆனால் குளத்தில் இறங்கும் முன் துணி ஏதும் இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், ஆண் பெண் தனித்தனி அறை. சில இடங்களில் மறைப்பு வைத்த அறையும் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே நல்லது. தினமும் இந்திய மதிய சாப்பாடு என்று திட்டத்தில் இருந்தால், அந்த ஓட்டலுக்காக பஸ் ரெய்க்யவிக்கையே சுற்றும். சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, தயிர், பழம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாக விசா. ஐஸ்லாந்துக்கு வேண்டியது ஷெங்கன், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா; கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், அவ்வளவுதான். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆனால் அப்பாயின்ட்மென்ட் லேசில் கிடைக்காது, புரோக்கரிடம் மட்டும் எப்படியோ எப்போதும் இருக்கும். இந்தக் கூத்தை ஏன் யாரும் நிறுத்தமாட்டேன் என்கிறார்களோ. காலையில் சீக்கிரம் எழுந்து நீங்களே தினமும் அந்த மையத்தின் தளத்தைப் பாருங்கள், இடம் விழும். விசா கைக்கு வரும்வரை டிக்கெட்டையும் ஓட்டலையும் ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் போடுங்கள், ஏஜென்டுக்கு முழுப் பணம் கட்டாதீர்கள்.